கிச்சன் கப்போர்டுக்குப் பெயின்டா, ஸ்டிக்கரா, மைக்காவா? முதலில் ஒரு கீலைக் கழற்றிப் பாருங்கள்

"கப்போர்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பார்க்கத்தான் சகிக்கலை, நாமே ஏதாவது பண்ணிட முடியுமா?" இந்தக் கேள்வியை இந்த வருஷத்தில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்று எனக்கே கணக்கில்லை. கேட்பவர்களின் கிச்சனும் கிட்டத்தட்ட ஒரே கிச்சன்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃப்ளாட் வாங்கிய சூட்டோடு போட்டது. அடுப்புக்குப் பக்கத்துக் கதவு தாளிப்புப் பிசுக்கு ஏறிப் பழுப்பாகிவிட்டது, சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு ஓரத்தில் உப்பியிருக்கிறது, மொத்தமாக மாற்ற விலை கேட்டால் லட்சத்தில்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். மச்சினர் பெயின்ட் அடி என்கிறார், எதிர் ஃப்ளாட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், கார்ப்பென்டர் வந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு "மைக்கா மாத்திடலாம் மேடம்" என்கிறார், அதாவது கதவின் மேல் ஒட்டியிருக்கும் சன்மைக்கா ஷீட்.

நான் இந்த மூன்றையும் என் கையாலேயே செய்தவள், அதில் ஒன்றை நன்றாகச் சொதப்பியவள். சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தபோது ஸ்டிக்கர். நங்கநல்லூரில் சொந்த ஃப்ளாட்டுக்கு வந்தபின் மேல் கப்போர்டுகளுக்குப் பெயின்ட், கீழ்க் கதவுகளுக்கு மைக்கா. பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: உங்கள் கதவு எதனால் செய்தது என்பதே பாதி முடிவை எடுத்துவிடும், நமக்குப் பிடித்த கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

கதவின் உள்ளே என்ன இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஏதாவது ஒரு கதவின் கீலைக் கழற்றுங்கள். மாடுலர் கிச்சன் கீல் உட்காரும் இடத்தில் 35 மி.மீ. அகலத்தில் வட்டக் குழி இருக்கும். டார்ச் அடித்து அந்தக் குழியின் சுவரைப் பாருங்கள். வரி வரியாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மாவு மாதிரி வழவழவென்று ஒரே பழுப்பு என்றால் எம்.டி.எஃப்., மர நாரை அழுத்திச் செய்த பலகை. மரத்தூளும் சிராயும் ஒட்டினாற்போலத் தெரிந்தால் பார்டிகிள் போர்டு. வெள்ளையாக, உள்ளே அறை அறையாகக் காலியாக இருந்தால் பிவிசி. கதவை விற்றவர் என்ன சொன்னார் என்பதை மறந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் "முழுக்க மெரைன் பிளை" (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று சொல்லிப் போட்ட கிச்சனில் லாஃப்ட் கதவு நான்கும் எம்.டி.எஃப். என்று தெரிந்தது இப்படித்தான்.

ஊதியிருக்கிறதா. பார்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்-பும் ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதன் மேல் எதைப் பூசினாலும் ஒட்டினாலும் காசுக்குக் கேடு. 2015 டிசம்பரிலும் 2023 மிச்சாங் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தரைத்தள வீடுகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம், வெளியே மைக்கா பளபளவென்றே இருக்கும், கீழ்ப்பலகையை விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிரும். அப்படிப்பட்ட கிச்சனுக்கு இந்தக் கட்டுரையில் வழி இல்லை, கதவுக்குப் பின்னால் உள்ள பெட்டியையே மாற்றவேண்டும்.

சொந்த வீடா வாடகையா, இன்னும் எத்தனை வருஷம் இருப்பீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

வேலை செய்ய இடம். பதினான்கு கதவைக் கழற்றிப் படுக்கவைக்க எங்கே இடம்? மொட்டை மாடி என்பீர்கள். மொட்டை மாடியில் நேர் வெயிலில் அடித்த பெயின்ட் மேலே சீக்கிரம் ஏடு கட்டி உள்ளே ஈரமாகவே நின்று சுருங்கும், காற்றில் வரும் தூசு அதில் உட்காரும், காக்கா வேறு. ஏப்ரல் மே என்றால் அங்கே யாராவது வடாம் பிழிந்து காயவைத்திருப்பார்கள், அதற்குப் பக்கத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும், அனுபவம். நிழலான பால்கனியோ ஒரு காலி அறையோ இருந்தால்தான் பெயின்ட்டை யோசிக்கவே வேண்டும்.

கிச்சன் எத்தனை நாள் கெடும். செலவுக் கணக்கில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. நான்கு பேர் வீட்டில் மூன்று நாள் வெளியே வாங்கிச் சாப்பிட்டால் ஒரு மைக்கா ஷீட் காசு போய்விடும்.

அவசரக்காரர்களுக்கு முதலில் அட்டவணை. என் கிச்சனைப் போல 14 கதவு உள்ள கிச்சனுக்கு, கைவேலை நம்முடையது என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு. கடைக்குக் கடை, பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். ஆயுள் என் கணிப்பு மட்டுமே.

| வழி | எந்தக் கதவுக்கு | செலவு (ரூபாய்) | ஆகும் நாள் | தாங்கும் காலம் |
|---|---|---|---|---|
| எனாமல் பெயின்ட் | மரம், எம்.டி.எஃப்., பழைய பெயின்ட் அடித்த பிளை | 3,500 – 5,000 | 10 – 14 | 3 – 5 வருஷம் |
| ஸ்டிக்கர் | வழவழப்பான எந்தக் கதவும், ஊதாமல் இருந்தால் | 2,000 – 3,500 | 2 | 1 – 2 வருஷம் |
| மைக்கா | பிளைவுட், நல்ல நிலையில் உள்ள எம்.டி.எஃப். | 6,000 – 9,000 | 4 – 6 | 8 வருஷத்துக்கு மேல் |
| கதவை மட்டும் புதிதாக | பெட்டி நன்றாக, கதவு மோசமாக | 20,000 – 30,000 | பொருத்த 2 | புதுக் கிச்சன் அளவுக்கு |

## பிசுக்கு, பிசுக்கு, பிசுக்கு

எந்த வழி என்றாலும் முதல் வேலை ஒன்றே. நம் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் கிடையாது. சிம்னி இருந்தாலும் கடுகு வெடிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை மேல் கதவின் கீழ் ஓரத்தில் போய் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் காய்ந்து, மஞ்சள் வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும், சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

வெந்நீரில் வாஷிங் சோடாவும் கொஞ்சம் பாத்திர லிக்விடும் கரைத்து, நார்ப்பக்கம் உள்ள ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா கையைத் தின்னும். எம்.டி.எஃப். கதவில் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிழிந்த துணி மட்டும். காய்ந்தபின் கதவில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று சந்தேகப்பட்டு மறுபடி தேயுங்கள், பரவலாகப் படர்ந்தால் சரி. அடுப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள கதவுகளுக்கு மூன்று முறை தேய்க்கவேண்டியிருந்தது. பளபளப்புக்கு என்று ஏதாவது ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிற பழக்கம் உள்ள வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை, அதிலுள்ள சிலிகான் மிச்சமிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் விலகிக் குட்டிக் குட்டிப் பள்ளமாக நிற்கும்.

## எனாமல் பெயின்ட்

நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு குறைவு, எந்தக் கலரும் கிடைக்கும், மூன்று வருஷம் கழித்து ஒரு கதவு அடிபட்டால் அதை மட்டும் சரிசெய்யலாம். பழைய மரக் கதவுக்கும், டிசைன் வெட்டிய எம்.டி.எஃப். கதவுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் குழியும் மேடுமான கதவில் மைக்கா படியாது. மெம்பிரேன் கதவு என்று ஒன்று உண்டு, எம்.டி.எஃப். மேல் மெல்லிய பிவிசி தாளைச் சூடாக்கி இழுத்து ஒட்டியிருப்பார்கள், அடுப்புச் சூட்டில் அதன் ஓரம்தான் முதலில் கிளம்பும். கிளம்பிய தாளை ஹேர் டிரையரால் சூடாக்கி முழுவதுமாக உரித்துவிட்டு உள்ளே உள்ள எம்.டி.எஃப்-புக்குப் பெயின்ட் அடிக்கலாம், நன்றாகவே வரும்.

இனி என் கதை. கப்போர்டு பெயின்ட் வேலையை நான் தீபாவளி முடிந்த கையோடு, நவம்பரில் ஆரம்பித்தேன். லீவு அப்போதுதான் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை நடுவில், சுவரில் காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாத ஊரில், எண்ணெய் எனாமல் அடித்தால் என்ன ஆகும்? நான்காம் நாளும் விரல் வைத்தால் பசை மாதிரி இழுத்தது. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது, "கதவு இல்லாத கப்போர்டுல பல்லி ஏறுதும்மா, மாட்டிடு" என்றார். மாட்டினேன். மறுநாள் காலையில் காபிப் பொடி எடுக்கத் திறந்தால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்ததும் விரல் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து வந்தது. அடுப்புப் பக்கத்துக் கதவு இன்னொரு விதம், காய்ந்தது, அழகாக இருந்தது, பொங்கலுக்குள் நகத்தால் கீறினாலே செதில் செதிலாக உரிந்தது. பிசுக்கு.

பிப்ரவரியில் மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த முறை செய்த வரிசை இதுதான். கதவைக் கழற்றும்போதே கீல் குழிக்குள் நம்பர் எழுதி அதை மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே நம்பரைப் பெட்டியிலும் ஒட்டிவிட்டேன் (இதைச் செய்யாமல் விட்டால் எந்தக் கதவு எங்கே என்று ஒரு நாள் முழுக்க விளையாடலாம்). பிசுக்கு எடுத்து, 220 நம்பர் தண்ணீர்த் தாளால் லேசாக ஈரம் வைத்துத் தேய்த்து பளபளப்பைக் கொன்று, குழிகளுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர். எம்.டி.எஃப். என்றால் ஓரங்களுக்கு மட்டும் பிரைமர் இரண்டு முறை, ஓரம் பஞ்சு மாதிரி குடிக்கும். பிறகு 320 தாளில் ஒரு தடவல். அப்புறம் நான்கு அங்குல ஃபோம் ரோலரில் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி. கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் கதவை மாட்டவில்லை. பல்லி ஏறினால் ஏறட்டும் என்று அத்தையும் விட்டுவிட்டார்.

ஏற்கெனவே மைக்கா ஒட்டிய கதவில் பெயின்ட் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண வுட் பிரைமர் மைக்காவில் பிடிக்காது, அது மரத்துக்குள் ஊறிப் பிடிக்கிற சரக்கு, மைக்காவில் ஊற ஏது இடம்? வழவழப்பான பரப்பில் பிடிப்பதற்கென்றே வரும் பிரைமர் தனியாக உண்டு, விலை இரண்டு மூன்று மடங்கு. அந்தக் காசைச் சேர்த்துப் பார்த்தால் மைக்கா மேலேயே புது மைக்கா ஒட்டுவது நல்லது என்பது என் எண்ணம்.

எண்ணெய் எனாமலா, வாட்டர் பேஸ்டு எனாமலா? வெள்ளை, ஐவரி மாதிரி வெளிர் நிறம் வேண்டுமென்றால் வாட்டர் பேஸ்டு. எண்ணெய் எனாமலில் வெள்ளை நாளாக ஆக மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத கதவின் உள்பக்கம் இன்னும் சீக்கிரம். வாடையும் குறைவு, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அதற்காகவே வாங்கலாம். ஆனால் முழுசாகக் கெட்டிப்படும்வரை கதவும் சட்டமும் தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கும் உண்டு, பொறுமை அங்கேயும் வேண்டும். அடர் நிறம் என்றால் எண்ணெய் எனாமல் இன்னமும் நல்ல தேர்வுதான்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை மாதிரி நிறங்களில், ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். காய்ந்த தாளால் தேய்த்துத் தூசு பறக்கவிடக் கூடாது, ஈரம் வைத்துத் தேய்க்கவேண்டும், என்-95 மாஸ்க் வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. சுவர் உயரம் வரை பழைய எனாமல் அடித்த எண்பதுகளின் வீடு என்றால் தேய்க்கிற வேலையே வேண்டாம், கதவை மாற்றிவிடுங்கள்.

இதே வரிசையில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டையும் கேட்பார்கள், கடையில் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரிக் கதவெல்லாம் அதுதான். அழகு, உறுதி, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு டப்பாவைக் கலந்து ஸ்ப்ரே அடிக்கிற வேலை, அதிலுள்ள ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, என்-95 அதைத் தடுக்காது. வீட்டில் செய்யவேண்டாம், பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

## ஸ்டிக்கர்

வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, சொந்த வீட்டுக்கு இதைவிட மோசமான வழி கிடையாது. இரண்டையும் நான் மனதாரச் சொல்கிறேன்.

வேளச்சேரி வீட்டில் கதவு முழுக்கக் கருஞ்சிவப்பு, நடுவில் ரோஜாப் பூ. ஓனர் பெயின்ட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அட்வான்ஸில் பிடித்துவிடுவேன் என்றார். ஒரு சனி ஞாயிறில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தேன். கதவைக் கழற்றவில்லை, கைப்பிடியை மட்டும் கழற்றினேன். மேலிருந்து கீழாகப் பின்பக்கத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றி நீவிக்கொண்டே வரவேண்டும், குமிழி நின்றால் ஊசியால் குத்தி நீவலாம். ஓரத்தைச் சரியாகக் கதவின் விளிம்போடு வெட்டாமல் அரை அங்குலம் உள்பக்கம் மடித்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி அழுத்தினால் நாள்பட நிற்கும்.

நின்றது, அடுப்புப் பக்கம் தவிர. அங்கே எட்டு மாதத்தில் ஓரம் சுருண்டது, குக்கர் ஆவி நேராகப் படும் மேல் கதவிலும் அப்படியே. சுருண்ட இடத்தில் பசை வெளியே தெரிய, அதில் எண்ணெய் ஒட்ட, அதில் தூசு ஒட்ட, முன்பிருந்த ரோஜாப் பூவே தேவலை என்று ஆகிவிட்டது. அந்த இரண்டு கதவுக்கு மட்டும் இரண்டாம் முறை வாங்கினேன். மறைமுகச் செலவு வீடு காலி செய்யும்போது வரும்: ஸ்டிக்கர் உரிந்துவிடும், பசை உரியாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துச் சுரண்ட ஒரு முழு நாள். பழைய பெயின்ட் பலவீனமாக இருந்தால் ஸ்டிக்கரோடு அதுவும் வந்துவிடும், அப்போது அட்வான்ஸ் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும், ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒட்டி ஒரு வாரம் கழித்து உரித்துப் பாருங்கள்.

## மைக்கா மாற்றுவது

சொந்த வீடு, பிளைவுட் கதவு, தட்டையான பரப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன். சூடு, ஆவி, எண்ணெய், கரண்டி இடி எல்லாவற்றுக்கும் மைக்காதான் வீட்டுச் சமையலுக்கு ஏற்ற மேல்தோல், துடைத்தால் போய்விடும்.

முதலில் கணக்கு. ஷீட் 8 அடிக்கு 4 அடி. என் கீழ்க் கதவு 28 அங்குலம் உயரம், 15 அங்குலம் அகலம், மரவரி மேலிருந்து கீழாக ஓடவேண்டும் என்று வைத்துப் போட்டால் அகலத்தில் மூன்று, நீளத்தில் மூன்று, ஆக ஒரு ஷீட்டில் ஒன்பது கதவு. எனக்கு எட்டுதான் தேவை, ஒரே ஷீட்டில் முடிந்தது. அதே கதவு 16 அங்குலம் அகலமாக இருந்திருந்தால்? 48-ஐ 16-ஆல் வகுத்தால் மூன்று வருகிறதே என்று நினைக்காதீர்கள், வெட்டுக்கும் ஓரத்தில் விடும் கூடுதலுக்கும் இடமில்லை, அகலத்தில் இரண்டுதான் வரும், ஷீட் இரண்டாகிவிடும். கடைக்குப் போகும் முன் காகிதத்தில் வரைந்துகொண்டு போங்கள். வெளிப்பக்கத்துக்கு 1 மி.மீ. கனம் வாங்குங்கள், அதைவிட மெல்லிசு அடியில் உள்ள மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். பளபள கிளாஸ் டிசைனில் விரல் ரேகை பூராவும் தெரியும், மேட் ஃபினிஷ் நம் கிச்சனுக்குச் சமர்த்து.

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட், மைக்கா கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தே அரை நாள் போகும். ஷீட் லிஃப்டில் நுழையாது, கவலை வேண்டாம், சுருட்டிக் கட்டித் தருவார்கள், மீன்பாடி வண்டியிலோ ஷேர் ஆட்டோக்காரரைத் தாஜா செய்தோ கொண்டுவந்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்து ஒரு நாள் தட்டையாகப் போட்டுவிடுங்கள்.

பசையில்தான் பலபேர் தப்பு செய்கிறார்கள். பழைய மைக்காவைப் பெயர்த்து வெறும் பிளையில் ஒட்டுவதென்றால் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்ஹெச் வகை. அது மரத்தில் ஊறிப் பிடிக்கும், ஒட்டியபின் பாரம் வைத்து ராத்திரி முழுக்க விடவேண்டும். பழைய மைக்கா மேலேயே ஒட்டுவதென்றால் வெள்ளைப் பசை பிடிக்காது, மஞ்சளாக, ரப்பர் வாடையோடு வரும் பசை வேண்டும், எஸ்ஆர் என்று கேட்டால் தருவார்கள். அதை இரண்டு பக்கமும் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்கவேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. நடுவே நான்கைந்து மரக்குச்சியைப் படுக்கவைத்து, அதன் மேல் மைக்காவை வைத்து நேர்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரிகிற நேரத்தில் டப்பாவைத் திறக்கவே கூடாது, சாமி விளக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய மைக்காவைப் பெயர்க்கவேண்டுமா? ஓரம் எங்குமே கிளம்பாமல், தட்டினால் பொத்தென்று சத்தம் வராமல் இருந்தால் வேண்டாம். வெள்ளைப் பசையில் ஒட்டியதைப் பெயர்த்தால் பிளையின் மேல் அடுக்கும் பிய்ந்துகொண்டு வரும். மேலேயே ஒட்டினால் கதவு 1 மி.மீ. கனமாகும், வெளியே உட்காரும் கதவுக்கு அது ஒன்றும் செய்யாது, சட்டத்துக்குள்ளே உட்காரும் கதவு என்றால் முகப்பு அந்த 1 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும், கீலைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஒட்டுமுன் பழைய மைக்காவை 80 நம்பர் தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்க மறக்கவேண்டாம்.

பாரம் வைக்க என்னிடம் கிளாம்ப் இல்லை. அம்மிக்கல், 25 கிலோ அரிசி மூட்டை, தண்ணீர் நிரப்பிய இரண்டு குடம். போதுமாக இருந்தது.

ஓரம் வெட்டுவதுதான் கஷ்டமான கட்டம், நான் அங்கே தோற்றுப் போனேன் என்றே சொல்லலாம். அரத்தால் இரண்டு கதவு தேய்த்தேன், ஒரு மூலை சில்லுப் பெயர்ந்தது, கை போய்விட்டது. மிச்சத்துக்கு ஒரு கார்ப்பென்டரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டேன், அவர் டிரிம்மர் மெஷினில் ஒரு கதவுக்கு ஐந்து நிமிஷத்தில் ஓரம் வெட்டி, எட்ஜ் பேண்டும் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டிக்கொடுத்துவிட்டார். ஒட்டுவதை நீங்கள் செய்யுங்கள், ஓரத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள் என்பதே என் யோசனை. மைக்காவில் தண்ணீர் நுழையாது, ஓரத்தில்தான் நுழையும், கிச்சன் கதவு சாவதெல்லாம் ஓரத்தில்தான்.

## கதவை மட்டும் புதிதாகப் போடுவது

பெட்டி திடமாக இருந்து கதவு ஊதியிருந்தால் இதுதான். பார்டிகிள் போர்டு கதவு, பிவிசி கதவு இரண்டுக்கும் நான் இதையே சொல்வேன். பிவிசியில் பெயின்ட் நிற்காது, உள்ளே காலியாக இருப்பதால் மைக்கா ஒட்டியும் பயனில்லை.

18 மி.மீ. பிளை, ஐஎஸ் 710 முத்திரை உள்ளதா என்று பலகையின் மேலேயே பாருங்கள், அதுதான் மெரைன் தரம். ஐஎஸ் 303 என்றிருந்தால் அதிலேயே இரண்டு தரம் உண்டு, பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்றால் கிச்சனுக்குப் பரவாயில்லை, எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்குவது) என்றால் ஹால் கப்போர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைக்கா போட்டால் உள்ளேயும் லைனர் என்ற மெல்லிய மைக்கா போடச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு சில மாதத்தில் அப்பளம் மாதிரி வளையும். அளவு கொடுப்பது மி.மீ.-இல், பழைய கதவை அளந்து கொடுங்கள், பெட்டியின் வாயை அளந்து கொடுத்துக் குழம்பவேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு கீல். 14 கதவுக்கு 28 கீல். 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்று மூன்று வகை, கதவு சட்டத்தை முழுக்க மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே உட்காருகிறதா என்பதைப் பொறுத்தது, பழைய கீல் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப்போனால் தப்பு வராது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் என்றால் கூடுதல் விலை கொடுத்தாவது ஸ்டீல் கீல் வாங்குங்கள், உப்புக்காற்றில் சாதாரணக் கீல் துருப்பிடித்து அந்தத் துரு புதுக் கதவிலேயே வடியும்.

இது முழுக்க நாமே செய்யும் வேலை இல்லைதான். பலகை வெட்டி, பிரஸ் போட்டு, எட்ஜ் பேண்ட் ஒட்டிக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு, மாட்டுவது மட்டும் நம் வேலை.

## பழைய தேக்குக் கதவு இருந்தால்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் அலமாரிக்குத் தேக்குக் கதவு இன்னமும் இருக்கும், மேலே நான்கைந்து தலைமுறை எனாமல். தயவுசெய்து அதன் மேல் மைக்கா ஒட்டாதீர்கள். பழைய பெயின்ட்டை எடுத்துவிட்டு (ஈய எச்சரிக்கை இங்கேதான் முழுசாகப் பொருந்தும், ரிமூவர் தடவி ஈரத்தோடு சுரண்டுவது மேல்) சீலர் அடித்து, மேலே கிளியர் பி.யு. வார்னிஷ் (ஹார்டனர் கலக்காமல் ஒரே டப்பாவில் வருவது) பிரஷ்ஷில் இரண்டு கோட். பிரெஞ்ச் பாலிஷ் கிச்சனுக்கு ஆகாது, சூடான பாத்திரமோ வெந்நீரோ பட்டால் வெள்ளை பூத்துவிடும்.

## எப்போது ஆரம்பிப்பது

பொங்கல் முடிந்து, மார்ச் கடைசிவரை. மழை போயிருக்கும், காற்றில் ஈரம் ஓரளவு குறைந்திருக்கும், கத்திரி வெயில் வந்திருக்காது. போகிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று டிசம்பரில் ஆரம்பிப்பவர்கள் என் நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மேயில் செய்தால் பசை நினைப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். ஸ்டிக்கர் மட்டும் எந்த மாதமும் ஒட்டலாம், சுவர் ஓதம் காணாத வீடாக இருந்தால்.

சரி, பெயின்ட் என்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், பதினான்கையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணுக்குத் தெரியாத லாஃப்ட் கதவு வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் உள்ளதிலேயே மோசமான கதவு. அதை முழுசாகச் செய்து, மாட்டி, இரண்டு வாரம் வழக்கம்போலச் சமையுங்கள். பிறகு உள்பக்கத்தில் ஒரு மூலையில் பிளேடால் நெருக்கமாக ஆறு கோடு குறுக்கே, ஆறு கோடு நெடுக்கே கீறி, அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். கட்டம் அப்படியே நின்றால் மிச்சப் பதின்மூன்றைக் கழற்றலாம். டேப்போடு பெயின்ட் வந்தால் வாஷிங் சோடாவையும் ஸ்பாஞ்சையும் மறுபடி எடுங்கள்.